எண்பது வயதும் ஏறுமாறான துடிப்பும்

வீட்டில் பி.பி. பார்க்கும் கருவியில் மேல் எண், கீழ் எண் இரண்டையும் குறித்துக்கொண்டு எடுத்து வைத்துவிடுகிறோம். ஓரத்தில் இன்னொரு குறியும் சில நேரம் தோன்றும். துடிப்பு சீராக இல்லை என்று பல கருவிகள் இப்படித்தான் சொல்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் மின்னும் இதயப் படம் வேறு, இது வேறு. எது எதுவென்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் 65 வயதைத் தாண்டியவர் இருந்தால் அந்தக் குறியை அலட்சியப்படுத்தக் கூடாது.

எத்தனை பேருக்கு?

முதியவர்களிடம் அதிகம் காணப்படும் துடிப்புக் கோளாறு ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’. இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை இது. கலிபோர்னியாவில் நடந்து 2001இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், 55 வயதுக்குக் கீழே ஆயிரத்தில் ஒருவருக்கு இருந்தது. 80ஐத் தொட்டவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு இருந்தது.

வயதானால் ஏன்?

மேலறைச் சுவரில் வயது ஏற ஏறத் தசைக்கு நடுவே நார்த்திசு படிகிறது. சீராகப் பரவ வேண்டிய மின்தூண்டல் அங்கங்கே முட்டி, சுற்றி, சிதறுகிறது. நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாயில்தான் பெரும்பாலும் முதல் பொறி கிளம்புகிறது என்பதை 1998இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டினார்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் வயதின் மேல் போட முடியாது. இருபது முப்பது வருடம் கட்டுப்படாமல் இருந்த ரத்த அழுத்தம் மேலறையை உப்ப வைத்திருக்கும். என் கணக்கில் முதல் குற்றவாளி அதுதான். உடல் பருமன், சர்க்கரை நோய், மது, தைராய்டு மிகுதி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். நம் நாட்டில் சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்து, முப்பது நாற்பது வயதிலேயே இதைக் கொண்டுவந்துவிடுவதும் உண்டு.

கோளாறு இதயத்தில், அடி மூளையில்

நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கும். இடது மேலறையில் காது மடல் போல ஒரு சிறு பை இருக்கிறது. கட்டி பெரும்பாலும் அங்கேதான் உறைகிறது. அது கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 1948 முதல் நடந்துவரும் ஆய்வின்படி, இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

படபடப்பு, மூச்சிரைப்பு, தலைசுற்றல் என்று ஏதாவது காட்டினால் நல்லது. பலருக்கு எதுவுமே தெரியாது. சிலருக்கு முதல் அறிகுறியே வாய் கோணிப்போவதுதான்.

கையைப் பிடித்துப் பாருங்கள்

கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிடம் கவனியுங்கள். எப்போதாவது ஒரு துடிப்பு விட்டுப்போனால் பெரும்பாலும் பயமில்லை. ஒன்று வலுவாக, அடுத்தது மெலிதாக, இடைவெளி ஒன்றோடொன்று ஒட்டாமல் வந்துகொண்டே இருந்தால் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். வந்து வந்து போகும் வகையென்றால் ஒரு இ.சி.ஜி.யில் சிக்காது, ஒரு நாளோ அதற்கு மேலோ உடம்பிலேயே மாட்டிவிடும் ஹோல்ட்டர் கருவி தேவைப்படும்.

மாத்திரைக்குப் பயந்தால்

“இந்த வயசுல ரத்தம் உறையாம இருக்க மாத்திரையா? கீழ விழுந்தா என்ன பண்றது?” என்று வீட்டார் தயங்குவது புரிகிறது. ஆனால் 75ஐத் தாண்டினாலே பக்கவாத அபாயக் கணக்கில் இரண்டு புள்ளி ஏறிவிடுகிறது. விழுந்துவிடுவாரோ என்ற பயம் மட்டுமே பெரும்பாலும் மருந்தை மறுக்கக் காரணமாகாது. ‘சும்மா ஒரு ஆஸ்பிரின் போதும்’ என்பதும் பழைய கதை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் பக்கவாதத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது, ஆஸ்பிரின் அதன் பக்கத்திலேயே வராது.

அப்பிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு அடிக்கடி ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை வேண்டாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று மட்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ருமாட்டிக் நோயால் வால்வு சுருங்கியவர்களுக்கு இன்னும் வார்ஃபரின்தான். அதைச் சாப்பிடுகிறவர்கள் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை, வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தாங்களாகவே வாங்கிப் போடும் வலிமாத்திரையைத்தான் நிறுத்த வேண்டும். ரத்தக்கசிவுக்கு அது வழி திறந்துவிடும்.