இருபத்தஞ்சு நிமிஷ தோஷம்!

எங்க அக்கா ஒரகடத்துல ஒரு பார்ட்ஸ் கம்பெனியில குவாலிட்டி செக்கிங். வெர்னியரைப் பிடிச்சு, கண்ணுக்கே தெரியாத வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சு பீஸை ரிஜெக்ட் பண்ற பொண்ணு. போன மாசம் ஒரு மாப்பிள்ளை வீட்டுல அவளையே ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. காரணம், செவ்வாய் தோஷம்!

கடுப்பாகி, செமஸ்டர் லீவுல ஜாதகம்னா என்னதான்னு நோண்ட ஆரம்பிச்சேன் பாஸ். உங்க வீட்டு பீரோவுலயும் மூலையில மஞ்சள் தடவின நோட்டு ஒண்ணு இருக்கும்ல... எடுத்து வெச்சுக்கங்க.

மொத்தம் பன்னிரண்டு கட்டம். வானத்தோட 360 டிகிரியை முப்பது முப்பதா வெட்டினா வர்ற ராசிகள்தான் அது. இடது பக்கம் மேல் மூலை மீனம், அடுத்தது மேஷம், அப்படியே கடிகாரம் சுத்துற பக்கமா ரிஷபம், மிதுனம்னு போகும். பிறந்த நேரத்துல எந்த கிரகம் எங்கே நின்னுச்சோ, அந்தக் கட்டத்துல அதோட பேர்.

நம்ம ஏரியா உதாரணமே இருக்கு. ஸ்ரீபெரும்புதூர்ல அவதரிச்ச ராமானுஜருக்கு ஜென்ம நட்சத்திரம் சித்திரை மாசத் திருவாதிரை. சித்திரைன்னா சூரியன் மேஷத்துல. திருவாதிரைன்னா சந்திரன் மிதுனத்துல. தேதியே தெரியாம ரெண்டு கட்டம் ஃபில்லப்! சந்திரன் நிக்கிற கட்டம்தான் உங்க ராசி. அங்கே அது ரெண்டேகால் நாள் இருக்கும். அதனால பிறந்த நேரம் அரை மணி முன்னப்பின்ன ஆனாலும் ராசி பெரும்பாலும் மாறாது.

மாறுறது லக்னம். நீங்க பிறந்த நிமிஷம் கிழக்கு அடிவானத்துல எந்த ராசி எழும்பிட்டு இருந்துச்சோ, அதுதான் லக்னம். பூமி சுத்துறதால சுமார் ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, ஏறக்குறைய நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி. சூரியன் உதிக்கிற நேரத்துல, சூரியன் இருக்கிற ராசியேதான் லக்னம். ஜோசியர் வீடுகளை எண்ண ஆரம்பிக்கிறதே இங்கிருந்துதான்.

இப்போ அக்கா மேட்டருக்கு வருவோம். 1999 அக்டோபர் 19, ஐப்பசி 2. சூரியன் துலாத்துக்குள்ள காலை வெச்சு ஒரு நாள்தான் ஆச்சு. ஆஸ்பத்திரி சீட்டுல காலை 6.10. அம்மாவோ, "அஞ்சே முக்காலுடா, விடியவே இல்ல. நர்ஸம்மா எல்லா வேலையும் முடிச்சுட்டுத்தான் எழுதினாங்க"னு சொல்றாங்க. அன்னிக்கு சூரிய உதயம் ஆறு மணியை ஒட்டி. அதனால 5.45-னா கன்னி லக்னம், 6.10-னா துலா லக்னம்! ரெண்டு நேரத்தையும் சாஃப்ட்வேர்ல போட்டே பார்த்துட்டேன்.

செவ்வாய் இருக்கிறது தனுசுல. லக்னத்துல இருந்து 2, 4, 7, 8, 12-ல செவ்வாய் இருந்தா தோஷம். விரல் விட்டு எண்ணுங்க... கன்னியில இருந்து தனுசு நாலு. தோஷம். துலாத்துல இருந்து மூணு. தோஷம் இல்லை!

அப்பா துள்ளிக் குதிச்சு 6.10-ஐ எடுத்துக்கிட்டு இன்னொரு ஜோசியர்கிட்ட ஓடினார். அவர் ராசியில இருந்தும் எண்ணுவாராம். அக்கா திருவோணம், மகர ராசி. அங்கிருந்து தனுசு பன்னிரண்டு. மறுபடியும் தோஷம்! சுக்கிரன்ல இருந்து எண்ணுறவங்களும் இருக்காங்க. அக்காவுக்கு அது சிம்மத்துல. எண்ணினா அஞ்சு, தோஷம் கிடையாது. ஒரே செவ்வாய், ஒரே தனுசு... எங்கிருந்து எண்ணுறோம்கிறதுதான் பிரச்னை. இதுக்கு மேல விதிவிலக்குன்னு தனியா ஒரு லிஸ்ட்டே இருக்கு. அதுக்குள்ள நான் போகலை சாமி!

பஞ்சாங்கமே ரெண்டு வகை. பழைய சூத்திரங்களை அப்படியே வெச்சுக் கணக்குப் போடுறது வாக்கியம். வானத்தைப் பார்த்துத் திருத்தினது திருக்கணிதம். திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. திருநள்ளாறு கோயில்ல வாக்கியம்தான் கணக்கு. 'எங்களுக்கு சனிப்பெயர்ச்சி 2026-லதான்'னு அவங்களே அறிவிச்சாங்க. வானத்துல இருக்கிற சனி என்னவோ ஒண்ணுதான்!

கிரகம் எங்கே இருக்குங்கிறது கணக்கு, அதை சரிபார்த்துடலாம். பலன்? வானியலாளர் ஜெயந்த் நார்லிகரோட குழு 2008-ல மகாராஷ்டிராவுல ஒரு டெஸ்ட் வெச்சாங்க. நல்லா படிக்கிற பசங்க, மனவளர்ச்சி குன்றிய பசங்கன்னு ரெண்டு வகை ஜாதகத்தைக் கலந்து, ஆளுக்கு 40. 'எது யாரோடதுன்னு பிரிங்க'ன்னு கேட்டாங்க. 27 ஜோசியர்கள் பதில் அனுப்பினாங்க. சராசரியா சரியா வந்தது 46 சதவீதம். காசைச் சுண்டிவிட்டிருந்தாலே 50 கிடைச்சிருக்கும்.

இதை வீட்டுல சொன்னேன். "காசு சுண்டியா பொண்ணைக் கட்டிக் கொடுக்க முடியும்?"னு அப்பா முறைச்சார். அக்கா மட்டும் சிரிச்சா. "எங்க லைன்ல ஒரே பீஸை மூணு பேர் அளந்து மூணு ரீடிங் வந்தா, முதல்ல கேஜைத்தான்டா சந்தேகப்படுவோம்"னா.

இப்போ அடுத்த வரன் வந்திருக்கு, வாலாஜாபாத் பக்கம். ஜாதகத்துல 6.10-னு எழுதலாம்கிறார் அப்பா. "பெத்தவ நான் சொல்றேன், அஞ்சே முக்கால். பொய் நேரம் எழுதி அனுப்ப மாட்டேன்"னு அம்மா மூணு நாளா அவர்கூடப் பேசுறதில்லை. நேத்து நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பறப்போ அக்காவே பேனாவை எடுத்தா. பிறந்த நேரம்கிற இடத்துல ரெண்டையும் எழுதி, பக்கத்துலேயே தன்னோட செல் நம்பரையும் எழுதிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டா.