சாயத்தின் விலையை யார் கொடுப்பது?

ஈரோடு, கரூர் மாவட்ட வயல்களின் பாசனத்துக்காக நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே, அந்தத் தண்ணீர் எங்கள் நிலத்துக்கு வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. மேலே திருப்பூர் சாயப்பட்டறைகள் விட்ட கழிவுநீர்தான் அணையில் தேங்கியது.

நுரையும் நிறமும் கண்ணுக்குத் தெரிந்தன. நிலத்தைக் கெடுத்தது உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறமென்றால் ஒரு கிலோ துணிக்கு அரை கிலோ உப்புகூடச் செலவாகும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் பிடிக்கும், உப்பு பிடிக்காது. அத்தனையும் கழிவோடு போய்விடும். சுண்ணாம்பு கலந்து நிறத்தைக் குறைத்துவிடலாம். கரைந்த உப்பு அதற்கெல்லாம் அசையாது. முதலில் வளர்வோம், பிறகு சுத்தம் செய்துகொள்வோம் என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. கிணற்றில் இறங்கிய உப்பை யாரால் திரும்ப எடுக்க முடியும்?

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. அது நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சுமார் 700 பட்டறைகளை மூடச் சொன்னது. தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள், சிறிய பட்டறைகள் பல மீளவே இல்லை. அந்த வலியைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் தொழில் அழியவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைக்க அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டி, மிஞ்சுவதைக் கொதிக்கவைத்து, நீரையும் உப்பில் பெரும்பகுதியையும் மீண்டும் சாயமேற்றவே பயன்படுத்துகிறார்கள். இன்று திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது.

பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. பிரிக்க முடியாத கலவை உப்பு மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுவதும் நின்றபாடில்லை. சுத்திகரிப்புக்கு மின்சாரமும் விறகும் ஏராளமாகச் செலவாகின்றன. இந்தச் செலவே இல்லாத ஊர்களோடு திருப்பூர் விலையில் போட்டி போட வேண்டியிருக்கிறது.

முன்பு மலிவான பனியனுக்கான விலையைக் ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயி தன் நிலத்தால் கொடுத்தார். இப்போது பட்டறைக்காரர் கொடுக்கிறார். துணியை வாங்கும் பெரிய வெளிநாட்டு நிறுவனங்களும் அதில் பங்கெடுக்க வேண்டும். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற அதே விதியை நாடு முழுக்க எல்லாச் சாயப்பட்டறைகளுக்கும் அரசு பொதுவாக்க வேண்டும்.