தோற்றுக்கொண்டிருந்தபோதும் முதலிடம்

திருப்பதி அலிபிரியில் டீக்கடை வைத்திருக்கும் தம்பிக்குச் சொந்த ஊர் சித்தூர்ப் பக்கம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. நடந்து மலையேற வருகிறவர் கோயம்புத்தூரா, சேலமா என்று பேச்சை வைத்தே சொல்லிவிடுவான். அப்படி வந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் டீ குடித்தபடி ஏதோ பெருமையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை மனதில் வைத்திருந்து என்னிடம் கேட்டான்: "அண்ணா, கோயம்புத்தூர்ல ஃபுட்பால் ஃபைனல் நடந்துச்சாமே. பாதி ஆட்டம் வரைக்கும் நம்ம டீம் தோத்துக்கிட்டு இருந்துச்சாம். ஆனா அந்த நேரத்துலயும் கப் நமக்குத்தானாம். அதெப்படிண்ணா?"

கேட்க வேண்டிய கேள்விதான். பதிலைச் சுருக்கமாகச் சொன்னால் புரியாது. அதனால் இன்னொரு டீ சொல்லிவிட்டு ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.

முதலில், அது ஃபைனலே இல்லை. நாடு தழுவிய கிளப் லீக்கான ஐ-லீக்கின் 2018-19 சீசனில் கடைசி நாள் ஆட்டம். லீக் என்றால் தனியாக ஃபைனல் கிடையாது. அந்த ஆண்டு 11 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 10 அணிகளோடு இரண்டு முறை மோத வேண்டும். ஒன்று சொந்த ஊரில், ஒன்று எதிரணியின் ஊரில். ஆக அணிக்கு 20 ஆட்டங்கள், மொத்தம் 110. ஜெயித்தால் 3 புள்ளி, டிரா ஆனால் ஆளுக்கு 1, தோற்றால் ஒன்றுமில்லை. அத்தனையும் முடிந்தபின் யாரிடம் அதிகப் புள்ளிகளோ அவர்களே சாம்பியன்.

இந்த முறை இங்கிலாந்தில் 1888இல் பிறந்தது. அதற்கு முன்பு அங்கே கோப்பைப் போட்டியும், கிளப்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்ளும் நட்பு ஆட்டங்களும்தான். கோப்பையில் தோற்றால் அதோடு சரி. நட்பு ஆட்டமோ கடைசி நேரத்தில் ரத்தாகிவிடும். டிக்கெட் காசை நம்பியிருக்கிற கிளப் என்ன செய்யும்? ஆஸ்டன் வில்லா கிளப்பின் வில்லியம் மெக்கிரிகர் 12 கிளப்களைச் சேர்த்து, யார் யாரோடு எப்போது மோதுவது என்று சீசன் தொடங்கும் முன்பே அட்டவணை போட்டுவிடலாம் என்றார். வருமானத்துக்காகத் தோன்றிய ஏற்பாடுதான். ஆனால் ஆட்டத்துக்கு ஒரு பெரிய நியாயத்தை அது கொண்டுவந்தது. ஒருநாள் அதிர்ஷ்டத்தை வைத்து யாரும் சாம்பியனாக முடியாது என்றானது. வெற்றிக்கு அப்போது 2 புள்ளிதான். 1981இல் இங்கிலாந்து 3 ஆக்கியது, உலகக் கோப்பையில் 1994இல் வந்தது. டிராவுக்கு ஆடிக் காலத்தை ஓட்டுகிறவர்களை கோல் அடிக்க முன்னேறவைக்கத்தான் இந்த மாற்றம்.

கடைக்குப் பக்கத்திலேயே மலையேறும் பாதையைப் பார்க்கலாம். வேண்டுதல் வைத்த பெண்கள் குனிந்து குனிந்து, ஒவ்வொரு படியிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அடுத்த படிக்குப் போகிறார்கள். 3,550 படி என்பது கணக்கு. காலி கோபுரத்தருகே வைக்கும் குங்குமத்துக்கு ஒரு மதிப்பு, கீழே பாதால மண்டபத்தருகே வைப்பதற்கு வேறு மதிப்பு என்று கிடையாது. லீக்கும் அப்படித்தான் என்றேன். அக்டோபரில் எடுத்த 3 புள்ளிக்கும் மார்ச்சில் எடுக்கும் 3 புள்ளிக்கும் ஒரே எடை.

தம்பி உடனே மடக்கினான். "அப்போ ஐ.எஸ்.எல்.ல ஃபைனல் வெச்சாங்களே?"

ஐ.எஸ்.எல்., அதாவது இந்தியன் சூப்பர் லீக், வேறு வகை. அங்கே லீக் சுற்று முடிந்தபின் முன்னணி அணிகள் அரையிறுதி, இறுதி என்று மறுபடி ஆடும் வழக்கம் இருந்தது. 2017-18 சீசனை எடுத்துக்கொள்ளலாம். லீக் சுற்றில் பெங்களூரு 40 புள்ளியுடன் முதலிடம், நம் சென்னையின் எஃப்.சி. 32 புள்ளியுடன் இரண்டாமிடம். ஆனால் 2018 மார்ச் 17 அன்று பெங்களூரிலேயே நடந்த ஃபைனலில் சுனில் சேத்ரி முதல் கோலை அடித்தபிறகும் சென்னையின் 3-2 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டது. பிரேசில்காரர் மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி அடித்த இரண்டு கோல்களை நான் மறக்கமாட்டேன். அந்த வெற்றியில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் மாதக்கணக்கில் 8 புள்ளி முன்னிலை சேர்த்த பெங்களூருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. லீக் சுற்றில் முதலிடம் பிடிப்பவர்களுக்கு என்று ஒரு கேடயம் ஐ.எஸ்.எல்.லில் வந்தது 2019-20இல்தான்.

அந்த ஃபைனல் நடந்து ஒரு வருடம் முழுதாக முடிவதற்குள் தமிழ்நாட்டுக்கு இன்னொரு பட்டம் வந்தது. கோயம்புத்தூர்க்காரர் சொன்னது அதைத்தான்.

சென்னை சிட்டி எஃப்.சி.யின் வேர் 1946இல் தொடங்கிய நுங்கம்பாக்கம் ஸ்போர்ட்ஸ் கிளப். ஐ-லீக்கில் நுழைந்தது 2016-17இல். முதல் இரண்டு சீசனும் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் முடிந்தன. பெயரில் சென்னை இருந்தாலும் பிறகு சொந்த மைதானமானது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். மூன்றாவது சீசனுக்கு சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். முன்வரிசைக்கு பெத்ரோ மான்சி, நடுக்களத்துக்கு நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரொட்ரிகெஸ் என்று ஸ்பெயினிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். யாரும் பெரிய பெயர் இல்லை; ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளில் ஆடியவர்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் என்று நம் பையன்கள். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் மாதிரி நூறு வருடப் பாரம்பரியமும் கிடையாது, பெரிய கம்பெனிப் பணமும் கிடையாது. இந்த அணி பட்டம் வெல்லும் என்று சீசனுக்கு முன்பு சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

2018 அக்டோபர் 26, முதல் ஆட்டம். இளம் வீரர்களின் இந்தியன் ஆரோஸ் அணியை 4-1 என்று வீழ்த்தினார்கள், மான்சி ஹாட்ரிக். சீசன் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல். சும்மா தூக்கியடித்து ஓடும் ஆட்டம் இல்லை அது. தரையோடு பந்தை உருட்டி, குட்டிக்குட்டிப் பாஸாகக் கோர்த்துக்கொண்டே போய், எதிரணியின் பெனால்டி பகுதிக்குள் நுழைந்தபிறகுதான் அவசரம் காட்டுவார்கள். பார்க்க அவ்வளவு அழகு. நவம்பரில் கொல்கத்தா போய் ஈஸ்ட் பெங்காலை ஜெயித்தார்கள். ஜனவரியில் கோயம்புத்தூரிலும் அதே ஈஸ்ட் பெங்காலை ஜெயித்தார்கள். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள் என்று தம்பியிடம் சொன்னேன்.

ஆனால் கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸ் 3-2 என்று சென்னை சிட்டியைத் தோற்கடித்துவிட்டது. அன்றே ஜெயித்திருந்தால் இத்தனை பதற்றம் இல்லை. கடைசி நாளுக்கு வந்தபோது சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39.

2019 மார்ச் 9. கோயம்புத்தூரில் சென்னை சிட்டியோடு மோதியது மினர்வா பஞ்சாப். முந்தைய ஆண்டின் சாம்பியன், ஆனால் அந்த சீசனில் சரிந்துபோன அணி. ஈஸ்ட் பெங்காலுக்கு கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆட்டம். 2003-04க்குப் பிறகு தேசிய லீக் பட்டத்தைத் தொடாத ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களுக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கின.

தம்பி டீத்தூள் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து நீட்டினான். பேனாவால் அதில் இரண்டு கட்டம் போட்டேன். இடப்பக்கம் சென்னை சிட்டி, வலப்பக்கம் ஈஸ்ட் பெங்கால்.

மூன்றாவது நிமிடமே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார். நேரு ஸ்டேடியம் அடங்கிப்போனது. இடைவேளை வரை அதே 0-1. அந்த நிலையில் ஆட்டம் முடிந்தால் சென்னை சிட்டிக்குப் புள்ளி ஏதும் கிடையாது. 40 அப்படியே நிற்கும். கோழிக்கோட்டில் இடைவேளை வரை யாரும் கோல் அடிக்கவில்லை. அது டிரா என்றால் ஈஸ்ட் பெங்காலுக்கு 1 சேர்ந்து 40. இடப்பக்கமும் 40, வலப்பக்கமும் 40.

"அப்போ சமம்தானே அண்ணா?"

இங்கேதான் நவம்பரும் ஜனவரியும் வருகின்றன. புள்ளி சமமானால் ஐ-லீக் விதி முதலில் பார்த்தது, அந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதியபோது யார் கை ஓங்கியிருந்தது என்பதை. இரண்டு முறையும் சென்னை சிட்டி. ஆகவே தோற்றுக்கொண்டிருந்தபோதும் முதலிடம் அவர்களுக்கே. ஃபைனல் என்றதைத் தவிர, கோயம்புத்தூர்க்காரர் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

எல்லா ஊரிலும் இதே விதி இல்லை. இங்கிலாந்தில் முதலில் கோல் வித்தியாசம், அதாவது அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழித்து வருவது. 2012இல் மான்செஸ்டரின் இரண்டு கிளப்களும் 89 புள்ளியில் நிற்க, கோல் வித்தியாசத்தால் சிட்டிக்குப் பட்டம் போனது. 1989இல் புள்ளியும் சமம், கோல் வித்தியாசமும் சமம்; அதிக கோல் அடித்தவர்கள் என்ற கணக்கில் லிவர்பூலிடமிருந்து ஆர்சனல் பட்டத்தைப் பறித்தது. எனக்கு ஐ-லீக் விதியே பிடிக்கும். எங்கோ ஒரு சோப்ளாங்கி அணிக்கு எதிராக ஏழு கோல் அடித்தேன் என்பதைவிட, என்னோடு பட்டத்துக்குப் போட்டி போடுகிறவனை இரண்டு தடவை ஜெயித்தேன் என்பது பெரிய தகுதி.

ஆட்டத்துக்கு வருவோம். 56ஆவது நிமிடம் பெனால்டி. மான்சி அடித்தார், 1-1. இப்போது 41-40. 69ஆவது நிமிடம் கௌரவ் போரா கோல். அசாம் பையன், பின்வரிசைக்காரர். 2-1. இடப்பக்கம் 43. ஏறக்குறைய அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தின் மார்கஸ் ஜோசப் கோல் அடிக்க, வலப்பக்கம் 39க்கு இறங்கிவிட்டது. பட்டம் கைக்கு வந்தாயிற்று என்று பார்த்தால், பத்து நிமிடத்தில் ஈஸ்ட் பெங்காலின் ஹைமே சாண்டோஸ் பெனால்டியில் சமன் செய்கிறார். 85ஆவது நிமிடம் லால்டன்மாவியா ரால்தே அடிக்கிறார். அங்கே ஈஸ்ட் பெங்கால் 2-1. வலப்பக்கம் 42.

43க்கு 42. இப்போது கோயம்புத்தூரில் மினர்வா ஒரே ஒரு கோல் போட்டால் ஆட்டம் டிரா. சென்னை சிட்டி 41க்கு இறங்கும், பட்டம் கொல்கத்தாவுக்குப் போகும். இடைவேளையில் பின்தங்கியிருந்தபோது காப்பாற்றிய நேருக்கு நேர் கணக்கு இப்போது உதவாது, ஏனென்றால் புள்ளி சமமாக இல்லை. தோற்றுக்கொண்டிருந்தபோது இருந்த பாதுகாப்பு ஜெயித்துக்கொண்டிருக்கும்போது இல்லை! தம்பி அட்டையை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தான். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததைக்கூட கவனிக்கவில்லை.

கூடுதல் நேரத்தில் கௌரவ் போரா இன்னொன்று அடித்தார். 3-1. அதற்குப் பிறகுதான் ஸ்டேடியத்தில் மூச்சு வந்தது.

"ரெண்டு மேட்சையும் ஏன் ஒரே நேரத்துல வெச்சாங்க? ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு வெச்சா ரெண்டையும் பார்க்கலாமே" என்றான். அதற்குக் காரணம் 1982 உலகக் கோப்பை. ஸ்பெயினின் கிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஆட்டம். அதே பிரிவிலிருந்த அல்ஜீரியா முந்தைய நாளே தன் ஆட்டத்தை முடித்துவிட்டதால், எந்த முடிவு வந்தால் இருவரும் அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்று இவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஜெர்மனி பத்தாவது நிமிடம் ஒரு கோல் அடித்தது. அதோடு ஆட்டம் செத்தது. மீதி நேரம் முழுக்க இரண்டு அணியும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தன. அல்ஜீரியா வீட்டுக்குப் போனது. அடுத்த உலகக் கோப்பையிலிருந்து பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் என்று ஆனது. லீக்குகளும் கடைசி நாளுக்கு இதைப் பின்பற்றுகின்றன.

அந்த சீசனில் எல்லாமே சீராக நடக்கவில்லை. ரியல் காஷ்மீர் முதன்முறையாக வந்து ஸ்ரீநகரின் குளிரில் பெரிய அணிகளைத் திணறடித்தது. பிப்ரவரியில் புல்வாமா தாக்குதல் நடந்ததும் மினர்வா ஸ்ரீநகருக்குப் போகவில்லை. ஈஸ்ட் பெங்கால் அங்கே ஆடவேண்டிய ஆட்டம் டெல்லிக்கு மாறியது. சீசனின் பின்பாதியில் எல்லா ஆட்டங்களும் டிவியில் வரவுமில்லை. கிளப்கள் சண்டை போட்டும் பெரிதாக மாறவில்லை. இப்படி ஒரு சீசன் நடந்ததே தம்பிக்குத் தெரியாமல் போனதற்கு அவன் காரணமில்லை. காட்டவேண்டியவர்கள் காட்டவில்லை.

"இப்போ அந்த டீம் எங்கண்ணா ஆடுது?"

இதைச் சொல்லத்தான் மனம் வரவில்லை. அந்தப் பட்டத்தின் பலனாக ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கு 2020 ஜனவரியில் பஹ்ரைன் போனார்கள். ரிஃபா அணியிடம் 0-1. ஸ்விட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. மான்சி ஜப்பானுக்குப் போனார், எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கு, ரொமாரியோ கோவாவுக்கு. 2020-21க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி பெயரே இல்லை. உங்கள் பக்கத்துக்கு இப்போது ஹைதராபாத்தின் ஸ்ரீநிதி டெக்கான் இருக்கிறது, 2022-23, 2023-24 இரண்டிலும் இரண்டாமிடம் வந்த நல்ல அணி, அதைப் பார் என்றேன்.

உலகில் பெரும்பாலான நாடுகளில் ஒரு படிநிலையில் ஜெயித்தவர் மேலே போவார், கடைசியில் வந்தவர் கீழே இறங்குவார். இங்கே ஐ.எஸ்.எல்.லில் இடம்பிடிக்க அப்போது ஆட்டத்தில் ஜெயித்தால் போதாது, ஆண்டுதோறும் கோடிகளில் கட்டணம் கட்ட வேண்டும். 2019இல் சென்னை சிட்டி சாம்பியன். ஏறிப்போக ஏணி இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதன்மை லீக் என்று முடிவாயிற்று. இது அநியாயம் என்றுதான் நான் இன்றும் சொல்வேன். ஏணி வைக்கப்பட்டது 2022-23இல்: ஐ-லீக் சாம்பியன் கட்டணமில்லாமல் ஐ.எஸ்.எல்.லுக்குப் போகலாம் என்றானது. அந்த வழியில் முதலில் ஏறிய கிளப் பஞ்சாப். கைமாறி, பெயர் மாறி வந்த அதே மினர்வா; மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் 3-1 என்று தோற்றுப் போனவர்கள்.