கில்கிறிஸ்ட்டா, ஃப்ளவரா... டெஸ்ட்டின் பெஸ்ட் கீப்பர் பேட்ஸ்மேன் யார்?

டெஸ்ட்டின் சிறந்த கீப்பர் பேட்ஸ்மேன் யார் என்றால், பலரும் யோசிக்காமல் சொல்லும் பெயர் ஆடம் கில்கிறிஸ்ட். 96 டெஸ்ட், 17 சதம், சராசரி 47.60. ஸ்ட்ரைக் ரேட்டோ 82-ஐ நெருங்குகிறது!

ஆனால், அவர் பெரும்பாலும் 7-வதாக இறங்கியவர். முன்னால் ஹெய்டன், லாங்கர், பான்டிங் என ரன் குவிக்கும் படையே இருந்தது. ஜிம்பாப்வேயின் ஆண்டி ஃப்ளவருக்கு அந்தச் சொகுசு இல்லை. ஆனாலும், கீப்பராக அவரது சராசரி 53-க்கும் மேல். 2000-ல் நாக்பூரில் இந்தியா ஃபாலோ ஆன் கொடுத்தபோது, கடைசிவரை அவுட்டாகாமல் 232 ரன் அடித்து மேட்ச்சை டிரா செய்தார்.

கீப்பிங் சுமை எவ்வளவு என்பதற்கு சங்கக்காராவே சாட்சி. கீப்பராக அவரது சராசரி 40. க்ளவுஸைக் கழற்றியபோது 66!

அதிரடியில் கில்கிறிஸ்ட்தான் ராஜா. தனி ஆளாக அணியைச் சுமந்ததில் ஃப்ளவருக்கே முதலிடம்.