கடைப் பலகையில் கையெழுத்து

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே போகும்போது ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று வரிசையாகக் கடைப் பெயர்ப் பலகைகள் கண்ணில் படும். அண்மைக்காலமாக அவற்றில் ஒரு விடயத்தைக் கவனித்து வருகிறேன். புதிய பலகைகள் பலவற்றில் ஆங்கிலப் பெயர் பேனாவால் வளைத்து எழுதியதுபோல் அழகாக ஓடுகிறது. தமிழ்ப் பெயரோ பரீட்சை வினாத்தாள் போல விறைத்து நிற்கிறது. கடைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் வாசிப்பது தமிழைத்தான். அழகு செய்யப்பட்டிருப்பதோ ஆங்கிலம்.

இதில் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. சாதாரண கையெழுத்தைப் போன்ற எழுத்துருக்கள், அதாவது பொன்ட்கள், ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 1953இல் பிரான்சின் ரோஜர் எக்ஸ்கோபோன் தன் கையெழுத்தைக் கொண்டே 'மிஸ்ட்ரல்' என்ற அச்செழுத்தைச் செய்தார். 1994இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் வின்சென்ட் கொனேயர், கார்ட்டூன் நாயொன்று பேசும் வசனம் பத்திரிகை எழுத்தில் இருப்பதைப் பார்த்து, இது பொருந்தவில்லையே என்று 'கொமிக் சான்ஸ்' எழுத்தை வரைந்தார். நமது அச்சகங்களிலோ நீண்ட காலம் ஆட்சி செய்தது பாமினி. பாமினி நல்ல எழுத்துதான். கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், மருந்துக்கடை எல்லாவற்றுக்கும் அதுவே என்றால்தான் சிக்கல்.

வன்னியில் இந்த வேலையை முன்பு தூரிகை செய்தது. யுத்த காலத்தில் கிளிநொச்சியில் பேக்கரி 'வெதுப்பகம்' ஆனபோதும் பலகையை எழுதியது மனிதக் கைதான். வவுனியாவில் வயதான பலகை எழுதுநர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "நானா, கொம்பியூட்டரில எல்லா 'க'வும் ஒரே 'க'தான். நான் எழுதினா பக்கத்தில என்ன எழுத்து வருதெண்டு பார்த்துத்தான் வாலை நீட்டுவன்." கையெழுத்து எழுத்துருவின் பலவீனத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. 2009இல் யுத்தம் முடிந்து பிளெக்ஸ் பலகை வந்தபின் இவருக்கு வேலை குறைந்துவிட்டது.

எழுத்தின் தோற்றத்தில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களை நினைத்துப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, பல வருடங்கள் புத்தளத்திலும் பிற இடங்களிலும் வாழ்ந்து திரும்பியவர்கள். அவர்களில் ஒருவர் முள்ளியவளைப் பக்கம் கடை திறந்தால், பழைய வாடிக்கையாளரின் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. பலகைதான் முதல் ஸலாம். விறைத்த எழுத்து அலுவலகத்தை ஞாபகப்படுத்தும். கையெழுத்துச் சாயல், உள்ளே தெரிந்த மனிதர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லும். தேநீர்க் கடை, தையற்கடை, இனிப்புக் கடை, வீட்டில் செய்யும் ஊறுகாய்ப் போத்தல் ஆகியவற்றுக்கு இது மிகவும் பொருந்தும். நகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

எழுதுகோலின் பெயரிலேயே ஒரு சூறாவைக் கொண்ட சமூகம் நாம். இடத்துக்கு ஏற்ற எழுத்து என்பது நமக்குப் புதிதல்ல. முஸ்ஹபுக்கு நஸ்க், பள்ளிவாசல் சுவருக்கு துலுத், உஸ்மானிய அரசவை ஆவணத்துக்கு திவானி, அன்றாடக் குறிப்புக்கு ருக்ஆ என்று அரபு எழுத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி மரியாதை வைத்திருந்தார்கள். அரபு நாட்டுக் கடைப் பலகைகளில் இன்றும் ருக்ஆவைக் காணலாம்.

அதே ஒழுங்கை நமது பலகையிலும் கடைப்பிடிக்கலாம். கடையின் பெயர் மட்டும் கையெழுத்துச் சாயலில் இருக்கட்டும். தொலைபேசி இலக்கம், முகவரி, விலை, 'ஹலால்' என்ற சொல் எல்லாம் நேரான, தெளிவான எழுத்தில் வரவேண்டும். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்குச் சாய்ந்த இலக்கத்தில் 1உம் 7உம் ஒன்றுபோலத் தெரிந்தால் ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார். மெல்லிய கோட்டில் ஓடும் எழுத்து விசிட்டிங் கார்டில் அழகாக இருக்கும்; பத்தடிப் பலகையில் வெயிலில் மறைந்துவிடும்.

தமிழில் எழுத்துரு இல்லை என்ற சாட்டும் இப்போது செல்லாது. இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' என்ற எழுத்துரு கையெழுத்துச் சாயலில், சற்றுச் சாய்ந்து வருகிறது. தமிழும் ஆங்கிலமும் ஒரே கையால் எழுதியதுபோல் இரண்டும் அதில் உண்டு. மேலே சொன்ன குறை அதனால் தீர்ந்துவிடுகிறது. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கிறது. அனுமதி திறந்தது என்பதால் வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம், திருட்டுப் பிரதி என்ற உறுத்தலும் இல்லை. விறைப்புக் குறைந்த, உருண்ட எழுத்து வேண்டுவோருக்கு 'பலூ தம்பி' இருக்கிறது.

அச்சகத்துக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். இவை யுனிகோட் எழுத்துருக்கள். பாமினியில் தட்டிய சொல்லுக்கு இவற்றை அப்படியே மாற்றிப் போட்டால் வருவது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். பெயரை யுனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டும். பழைய மென்பொருட்கள் சிலவற்றில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் விழும். அச்சிடக் கொடுக்கும் முன் 'கெ', 'கே', 'கொ' மூன்றையும் திரையில் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். வசதியுள்ளவர்கள் பிளெக்ஸைத் தவிர்த்து, ஊரில் எஞ்சியிருக்கும் பலகை எழுதுநரிடம் பெயரை மட்டுமாவது எழுதுவிக்கலாம். அவரிடம் கொம்பு இடம் மாறாது.