கரிசலுக்கு ஹைபிரிட் பிக்கப் சரியா?

போன புரட்டாசி மழையில், ஆலத்தூர் பக்கம் உள்ள எங்கள் கரிசலில் சின்ன வெங்காய மூட்டைகளோடு பிக்கப் அச்சு வரை இறங்கிவிட்டது. டிராக்டர் வைத்து இழுத்து அரியலூர் போய்ச் சேர்வதற்குள் பாதி மூட்டை நனைஞ்சு போச்சு. அன்றிலிருந்து மகன், "ஹைபிரிட் பிக்கப் வாங்கிடலாம்ப்பா" என்று ஒரே பிடி.

வங்கியில் வாகனக் கடன் கொடுத்தே நரைத்தவன் நான். அந்த பேட்டரி என்ன வேலை செய்யும் என்றுதான் முதலில் பார்த்தேன். 2024-ல் ஐரோப்பாவுக்கு வந்த 48 வோல்ட் டொயோட்டா ஹைலக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, 700 மி.மீ. ஆழத் தண்ணீரிலும் போகும் என்கிறது கம்பெனி. ஆனால் அது 2.8 லிட்டர் டீசல் இஞ்சினுக்குக் கைகொடுக்கிற சின்ன மோட்டார்தான். சேற்றிலிருந்து மீட்பது நான்கு சக்கர இழுவையும் டயரும். அடிக்கடி பிரேக் பிடிக்கும் நகர நெரிசலில்தான் டீசல் மிச்சமாகும். சுமையோடு ஒரே சீராக ஜெயங்கொண்டம் ரோட்டில் போகிறவனுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

பதினைந்து வருஷம் வைத்திருப்பவன் வாரன்டி முடிந்த பிறகான கணக்கைப் பார்க்கணும். பேட்டரி மாற்றும் செலவு இருக்கு. கொட்டகை எலி ஒயரைக் கடித்தால் நம்ம ஊர் மெக்கானிக்கால் முடியாது.

இன்னொன்று, ஈரக் கரிசலில் எந்த வண்டி ஏறினாலும் மண் இறுகும். மண்புழுவை வளர்த்துவிட்டு அதன் மேலேயே டயரை ஓட்டுவதா? முன்பணத்துக்கு எடுத்து வைத்த காசில் வரப்போரம் சரளை கொட்டிப் பாதை போட்டாச்சு. பழைய டீசல் வண்டியே ஓடுது. மகனுக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.