நிறுத்திய காரில் கரையும் மின்சாரம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் போனக்காடு வரும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்திற்கு நடந்து செல்வோர் தம் பயணத்தைத் தொடங்கும் இடமாகவே வெளியூரார் அதனை அறிவர். ஆனால் அது தேயிலைத் தோட்டத்தால் உருவான ஊர். பல ஆண்டுகளாக ஓசையின்றி நிற்கும் தொழிற்சாலையைச் சூழ்ந்த லயங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. மருத்துவமனைக்கும் வங்கிக்கும் அவர்கள் மலையிறங்கி வரவேண்டும். பேருந்து சில நடைகளே வரும். இருட்டிய பின் அந்தக் காட்டுச் சாலை யானைகளுக்கு உரியது. ஆகவே லயத்தின் முன் நிற்கும் ஒரு பழைய கார், அந்த வீட்டுக்கு மட்டுமன்றி அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் அவசர ஊர்தியாக விளங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மலையடிவாரத்துக் கிளையொன்றில் பணியாற்றியபோது, நிதி விழிப்புணர்வு முகாமுக்காகப் போனக்காடு சென்றிருந்தேன். முகாம் முடிந்ததும் வாடிக்கையாளர் ஒருவர் தயங்கியபடி அருகில் வந்து, கார் பேட்டரி வாங்கச் சிறு கடன் கிடைக்குமா என்று கேட்டார். ஒன்றரை ஆண்டில் அது மூன்றாவது பேட்டரியாம். “சார், இப்ப இருக்கறத மாத்தி ஏழு மாசந்தான் ஆவுது. ஞாயித்துக்கெழம ஓட்டுறேன், புதன்கெழம பாத்தா செத்துக் கெடக்கு” என்றார். அதற்கு முந்தைய வாரம், ஒரு நள்ளிரவில் அவருடைய தாயாருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டிருக்கிறது. கார் கிளம்பவில்லை. பக்கத்து லயத்து இளைஞர்கள் எழுந்து வந்து, சரிவில் உருட்டிவிட்ட பிறகே எஞ்சின் உயிர் பெற்றது. அன்று முதல் அவர் காரைச் சரிவு நோக்கியே நிறுத்தி, சக்கரத்தின் கீழ்க் கல் வைத்து வந்தார்.

நான் வணிகவியல் படித்தவன். இயந்திரம் பயின்றவன் அல்லன். எனினும் என் பழைய காரில் இதே தொல்லையைப் பட்டு, ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காரணம் தேடும் முறையைக் கற்றிருந்தேன். அம்முறை எனக்கு எளிதில் விளங்கியதற்கு என் தொழிலும் ஒரு காரணம். கணக்கில் இருப்பு ஓயாமல் குறைந்தால், மேலும் பணம் போடுவதற்கு முன் பற்று எங்கே விழுகிறது என்று பார்ப்போம். பேட்டரிக்கும் அதுவே முறை. கடன் விண்ணப்பத்தை இரண்டு வாரம் ஒத்திவைத்து, அதற்குள் காரணத்தைத் தேடுவோம் என்று அவரிடம் கூறினேன்.

மூன்று காரணங்கள்

நிறுத்திவைத்த காரின் பேட்டரி இறங்குவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களுள் ஒன்றே இருக்கும். முதலாவது, பேட்டரியே பழுதடைந்து, ஏற்றிய மின்சாரத்தைத் தாங்கும் ஆற்றலை இழந்திருக்கலாம். இரண்டாவது, கார் ஓடும்போது ஆல்டர்னேட்டர் போதிய மின்சாரம் ஏற்றாதிருக்கலாம். மூன்றாவது, சாவியை எடுத்த பிறகும் காரில் ஏதோ ஒரு பாகம் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கலாம். இதனை ஒட்டுண்ணி மின்செலவு என்பர்.

கடைகளில் பொதுவாக முதற்காரணத்தையே கருதிப் புதிய பேட்டரியைப் பொருத்திவிடுகிறார்கள். உண்மைக் காரணம் மூன்றாவதாக இருப்பின் புதிய பேட்டரியும் அதே வழியில் கெடும். ஈய அமில பேட்டரி மின்சாரம் இறங்கிய நிலையில் நாட்கணக்கில் கிடந்தால், அதன் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்படிகங்களாகப் படியும். பின்னர் எவ்வளவு ஏற்றினாலும் அது பழைய கொள்ளளவுக்குத் திரும்பாது. ஆகவே மின்செலவு தொடரும் காரில் பேட்டரி இறங்குவதோடு நில்லாது, மெல்ல மெல்லச் செத்தும் போகிறது.

எவ்வளவு இழப்பு இயல்பானது?

சாவியை எடுத்த பின்னும் சிறிதளவு மின்சாரம் செலவாவது இயல்பே. கடிகாரமும் ரேடியோவின் நினைவகமும் அதனைப் பெற்றுக்கொள்கின்றன. கணினிகள் இல்லாத பழைய கார்களில் இச்செலவு 30 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். பிற்காலத்துக் கார்களில் 50 மில்லி ஆம்பியர் வரை ஏற்கலாம்.

சிறிய கார்களில் வழக்கமாக 35 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வீதம் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி செலவாகும். பேட்டரி பாதியாகக் குறைவதற்கே மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும். மாறாக, டிக்கியில் அணையாது எரியும் 5 வாட் விளக்கு ஒன்று ஏறத்தாழ 0.42 ஆம்பியர் இழுக்கும். அது நாளொன்றுக்கு 10 ஆம்பியர் மணி. இரண்டு நாட்களுக்குள் பேட்டரி பாதியாகும். நான்காம் நாள் முடிவதற்குள் முழுதும் காலியாகிவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற நூறு ஆம்பியருக்கு மேல் தேவைப்படுவதால், முழுதும் காலியாவதற்கு முன்பே கார் கிளம்ப மறுத்துவிடும். ஞாயிறு ஓட்டிய கார் புதனன்று கிளம்பாததன் கணக்கு இதற்கு மிக அருகில் இருப்பதைக் காணலாம்.

கருவியின்றி ஒரு சோதனை

பேட்டரி குற்றவாளியா, கார் குற்றவாளியா என்று அறிய ஒரு ஸ்பேனர் போதும். பேட்டரியை முழுதும் ஏற்றிய பின், அதன் நெகட்டிவ் முனையிலுள்ள வயரைக் கழற்றி, முனையில் படாதவாறு ஒதுக்கி வைக்க வேண்டும். வழக்கமாக எத்தனை நாளில் பேட்டரி இறங்குமோ, அத்தனை நாள் காரை அப்படியே விட்டுவிட்டு, மீண்டும் வயரை இணைத்துக் கிளப்பிப் பார்க்க வேண்டும். உடனே கிளம்பினால் பேட்டரி நலமாக உள்ளது. காரே மின்சாரத்தை இழுக்கிறது. தனித்திருந்தும் இறங்கியிருந்தால் குறை பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது.

எப்போதும் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, கடைசியில் இணைக்க வேண்டும். ஸ்பேனர் தவறிக் காரின் உடலில் பட்டாலும் தீப்பொறி எழாதிருக்க இதுவே வழி. பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும் என்பதால், அருகில் பீடி, சிகரெட் கூடாது. மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றிவிடுவது நன்று.

போனக்காட்டு நண்பர் ஞாயிறு மாலை வயரைக் கழற்றினார். புதன் மாலை இணைத்தார். எஞ்சின் முதல் திருகலிலேயே கிளம்பியது. அவர் கடன் கேட்க நினைத்த பேட்டரிக்குத் தேவையே இல்லை என்பது அப்போதே பாதி தெளிவாயிற்று.

மல்டிமீட்டர் கொண்டு அளத்தல்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் அடுத்த கட்டத்துக்குப் போதுமானது. கார் ஓடி நின்று சில மணி நேரம் கழித்து அளந்தால், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 வோல்ட் என்பது ஏறத்தாழப் பாதி இருப்பு. எஞ்சின் ஓடும்போது அதே முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்கிறது என்று கொள்ளலாம்.

பிறகு மின்செலவை அளக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, எல்லா விளக்குகளையும் அணைத்து, கதவுகளைச் சாத்த வேண்டும். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, அளவுமுறையை நேர்மின்னோட்டத்தில் வைக்க வேண்டும். நெகட்டிவ் வயரைக் கழற்றி, அவ்வயரில் சிவப்பு முனையையும், பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கறுப்பு முனையையும் வைத்தால், காருக்குச் செல்லும் மின்சாரம் முழுதும் மீட்டர் வழியே செல்லும். 0.03 என்று காட்டினால் கவலையில்லை. 0.10-க்கு மேற்பட்டால் தேடத்தான் வேண்டும்.

இந்நிலையில் சாவியைத் திருகிக் காரைக் கிளப்ப முயலவே கூடாது; மீட்டர் எரிந்துவிடும். கணினிகள் உள்ள புதிய கார்களில் அவை உறக்கநிலைக்குச் செல்ல அரைமணி நேரம் வரை ஆகலாம். அதற்கு முன் தோன்றும் அளவை நம்பலாகாது.

ஃபியூஸ்களைக் கழற்றிப் பார்த்தல்

மீட்டரை இணைத்தவாறே வைத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அளவைக் கவனிக்க வேண்டும். அளவு மாறாவிட்டால் அதனை அதே இடத்தில் பொருத்திவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். எந்த ஃபியூஸைக் கழற்றியதும் அளவு சட்டென்று வீழ்கிறதோ, அதன் பாதையில்தான் மின்சாரம் கரைகிறது. ஒவ்வொரு எண்ணையும் அளவையும் தாளில் குறித்துக்கொள்வது குழப்பத்தைத் தவிர்க்கும். கதவைத் திறந்து உள்ளே சென்றால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். ஆதலால் கதவோரத்துப் பொத்தானை அழுத்திக் கட்டிவிட வேண்டும்.

இரண்டாம் முறை போனக்காடு சென்றபோது மீட்டரையும் கொண்டு சென்றேன். அளவு 0.41 ஆம்பியர். ஐந்தாவது ஃபியூஸை எடுத்ததும் அது 0.02 ஆகக் குறைந்தது. அது உள்விளக்குக்கும் பாட்டுக் கருவிக்கும் உரிய பாதை. உள்விளக்கு அணைந்தே இருந்தது. பாட்டுக் கருவியும் அணைந்தேதான் தோன்றியது. ஆனால் இருக்கையின் கீழ் இருந்த சிறு ஆம்ப்ளிஃபயரைத் தொட்டபோது இளஞ்சூடாக இருந்தது. முந்தைய உரிமையாளர் பொருத்தியிருந்த அக்கருவி, சாவியோடு அணையும் வயரில் இணைக்கப்படாமல், எப்போதும் மின்சாரம் வரும் வயரில் இணைக்கப்பட்டிருந்தது. பாட்டு நின்ற பின்னும் அது இரவும் பகலும் விழித்தே இருந்தது. ஒரே ஒரு வயரை இடம் மாற்றியதும் குறை தீர்ந்தது.

பழைய கார்களில் இத்தகைய பிற்சேர்க்கைகளையே முதலில் ஐயுற வேண்டும். பாட்டுக் கருவி, அலாரம், கூடுதல் விளக்குகள், இருப்பிடம் காட்டும் கருவி ஆகியவை தொழிற்சாலையில் பொருத்தப்பட்டவை அல்ல. அவற்றின் இணைப்பு முறை ஆளுக்கு ஆள் மாறும். அடுத்து, டிக்கி விளக்கும் டாஷ்போர்டுப் பெட்டி விளக்கும். மூடிய பெட்டிக்குள் எரியும் விளக்கை எவரும் காண்பதில்லை. ஒட்டிக்கொண்டு விடுபடாத ரிலேயும் எலி கடித்த வயரும் அதற்கடுத்தவை.

ஃபியூஸ் காட்டாத கசிவுகள்

எல்லா ஃபியூஸ்களையும் கழற்றியும் அளவு குறையாவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். மின்சாரத்தை ஒரே திசையில் செல்லவிடும் டயோடுகள் அதனுள் உள்ளன. அவற்றுள் ஒன்று பழுதானால், கார் நின்றபின் பேட்டரியின் மின்சாரம் பின்னோக்கிக் கசியும். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முற்றிலும் விலக்கிய பின், ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி, அதன் நுனியை எதிலும் படாதவாறு சுற்றிவைத்து, மீட்டரை மீண்டும் இணைத்து அளந்தால் உண்மை தெரியும். இதில் பழக்கமில்லாதோர் எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நலம்.

போனக்காடு போன்ற மழை மிகுந்த இடங்களில் மற்றொரு வழியும் உண்டு. பேட்டரியின் மேற்புறத்தில் படியும் அமிலக் கசிவும் தூசும் ஈரமும் கலந்து, இரு முனைகளுக்கும் இடையே மெல்லிய பாலமாக அமைகின்றன. மீட்டரை வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையை நெகட்டிவ் முனையிலும் சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளாஸ்டிக் மேற்புறத்திலும் வைத்துப் பாருங்கள். அங்கே வோல்ட் காட்டினால் இக்கசிவு உள்ளது. மூடிகளை இறுக்கிவிட்டு, சமையல் சோடா கலந்த நீரால் துடைத்து, பின் நல்ல நீரால் துடைத்து உலரவிட்டால் போதும். சோடா நீர் உள்ளே இறங்கலாகாது. அமிலம் கையிலோ கண்ணிலோ பட்டால் உடனே மிகுந்த நீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருப்பின் மருத்துவரையும் காண வேண்டும்.

குறை நீங்கிய பின்

கசிவை அடைத்த பின் பேட்டரியைத் தனி சார்ஜரில் முழுதும் ஏற்றுவது நல்லது. குறுகிய தூரம் ஓட்டுவதால் மட்டும் இறங்கிய பேட்டரி நிரம்பாது. வாரக்கணக்கில் ஓட்டாத பழைய காருக்கு நெகட்டிவ் வயரைக் கழற்றி வைப்பது எளிய காப்பு. கணினிகள் மிகுந்த புதிய கார்களில் அவ்வாறு செய்யுமுன் உரிமையாளர் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தள்ளிக் கிளப்பும் பழக்கத்தை ஒரு தீர்வாக எண்ண வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு எஞ்சினின் துணைவிசை தொடர்ந்து கிடைக்காது. மலைச்சரிவில், இருளில், நோயாளியை ஏற்றிய நிலையில் காரை உருட்டிவிடுவது இரட்டை ஆபத்து.

போனக்காட்டு நண்பருக்கு அன்று செலவானது ஒரு முழ வயரும் ஒரு மணி நேரமுமே. மூன்றாவது பேட்டரிக்கான கடன் விண்ணப்பம் நிரப்பப்படாமலே போயிற்று. அவ்வகையில் எங்கள் கிளைக்கு ஒரு கடன் குறைந்தது; அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அடுத்த ஆண்டு அவர் கிளைக்கு வந்தபோது கார் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதே பேட்டரிதான், தாயாரை மாதந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்து வருவதாகக் கூறினார். காரைச் சரிவு நோக்கி நிறுத்துவதை மட்டும் இன்னும் விடவில்லையாம்.